தெலுங்கு நாய்

தை பிறந்தபோது அவர் கம்பெனியில் இருந்தார்.
ஸ்ரீசிட்டியில், செல்போனுக்கு முதுகு மாட்டும் வரிசையில்
பதினான்காவது ஆள்.
உதவித்தொகைப் படிவத்தில் யாமினி
அப்பா: தனியார் ஊழியர், அம்மா: இல்லத்தரசி என்று
நீல மையில் எழுதினாள்.
அந்த வருஷம் எங்களைப் பற்றிப் பேனாவால் எழுதியது
அதுதான் கடைசி.

மாசியில் வரிசையே இல்லை.
மெஷின் வந்துவிட்டதாம், அதற்குச் சோற்று இடைவேளை வேண்டாமாம்.
ஒடிசாவுக்கு ரயிலேறும் முன் பிஸ்வஜித் வந்தான்,
கையில் ஊறுகாய் பாட்டில், உள்ளே ஒரு மீன்.
'இரண்டு நாள் ரயில் தாங்காது அக்கா.'
ஆரஞ்சு நிறம், ஒற்றைக் கண்.
தின்பதும் சுற்றுவதுமாக இருந்த அதைப் பார்த்து
அவருக்கு ஏனோ அன்றைக்குக் கோபம்.

அப்புறம் ஷேர் ஆட்டோ, கடனில்.
ஆரம்பாக்கம் தடா, தடா ஆரம்பாக்கம்.
எல்லை தாண்டினால் போனில் அந்த மாநிலம் வரவேற்கும்,
திரும்பினால் இந்த மாநிலம்.
நாளைக்கு முப்பது வரவேற்பு,
டீசல் போக முந்நூறு ரூபாய்.

ஒரு ராத்திரி பின்சீட்டுச் சவாரி இறங்கவில்லை.
தடா ஸ்டாண்டில் ஏறிய குட்டி.
வா என்றால் வராது, போ என்றால் போகாது,
படிக்காத பாடத்தில் கேள்வி வந்த பிள்ளை மாதிரி
முகத்தையே பார்க்கும்.
எதிர்வீட்டு முனிரத்தினம் 'இக்கட ரா' என்றார்,
ஓடிப்போய் அவர் காலில் விழுந்தது.
யாமினி ஒரே வாரத்தில் நாற்பது சொல் கற்றாள்,
நாய்க்காக முப்பது,
மீதிப் பத்து அவர் சம்சாரத்தைத் திட்டும்போது.

சித்திரையில் நாயுடுபேட்டை நாத்தனார்
இரண்டு நாளைக்கென்று வந்தாள்.
பதினோரு நாள்.
'அண்ணா இப்போ எந்தக் கம்பெனி?' என்று கேட்ட அன்று
அவர் ஆட்டோவை மூன்று தடவை கழுவினார்.
அவர்கள் போனபின் எண்ணிப் பார்த்தோம்,
ஒரு துண்டு குறைந்திருந்தது,
ஒரு பூனை கூடியிருந்தது.

ஆடியில் நான் வேலைக்குப் போனேன்,
ரோட்டோரப் பெட்ரோல் பங்க்.
அந்தப் பக்கத்தைவிட இங்கே மலிவு,
ஏ.பி. வண்டியெல்லாம் எங்களிடம்தான் தாகம் தீர்க்கும்.
'ஜீரோ பாருங்க', 'ஜீரோ சூடண்டி'.
நாளெல்லாம் இரண்டு மொழியிலும் சைபர் காட்டுகிறேன்.
முதல் சம்பளம் அவர் கொண்டுவருவதைவிட எழுநூறு கூட.
நான் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை.
அன்று மாலை மீனுக்குத் தண்ணீர் மாற்றினார்.

புரட்டாசியில் வந்தவர்கள்தான்
அந்த வருஷத்தின் மரியாதையான விருந்தாளிகள்.
செருப்பை வெளியே கழற்றினார்கள்,
தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்,
பாப்பா என்ன படிக்கிறாள் என்று கேட்டார்கள்,
நாயின் தலையைத் தடவினார்கள்,
ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார்கள்.
நாய் பின்னாலேயே ஓடியது.
மூன்றாம் நாள் திரும்பியது, காதில் ஒரு கிழிசல்.

ஐப்பசி மழையில் பூனை
அவருடைய ஹெல்மெட்டுக்குள் நாலு குட்டி போட்டது.
சும்மா கிடந்த ஹெல்மெட்தானே, விட்டுவிட்டோம்.

இப்போது கும்மிடிப்பூண்டி குடோனில் ராத்திரிக் காவல்.
அவர் வரும்போது நான் கிளம்புகிறேன்,
நான் வரும்போது அவர் கிளம்புகிறார்.
வாசலில் சாவி கைமாறும்,
சில நாள் அது சூடாக இருக்கும்,
சில நாள் ரசப்பொடி வாசம்.

மார்கழியில் படிவம் மறுபடி வந்தது.
யாமினி பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள்.
என் கட்டத்தில் என்ன எழுத என்றாள்,
'பெட்ரோல்' என்றேன், சிரித்தாள்.
அப்பாவை எழுப்பிக் கேட்கவா என்றாள்.
வேண்டாம், தூங்கட்டும்.

சைலன்சர் ஓட்டையான ஏதோ ஒரு ஆட்டோ
தெருவில் போனது.
'ஆகு, ஆகு' என்று யாமினி கத்தியும் கேட்காமல்
நாய் வாசலுக்குப் பாய்ந்தது.
உள்ளே, தூக்கத்தில்,
அவர் வலது கால் பிரேக்கை மிதித்தது.

மீனுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை.